எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு வெளியூர் போகிறீர்களா? முதலில் உள்ளூரில் ஒரு டாக்டரைப் பிடியுங்கள்

சென்னையிலும் கோவையிலும் பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) ஆபரேஷன் செய்துகொள்ள நாகர்கோவிலிலிருந்தும் வருகிறார்கள், யாழ்ப்பாணத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டாக்டர் நல்லா பண்றார்?" இரண்டாவது, "மொத்தமா எவ்வளவு ஆகும்?" மூன்றாவதாகக் கேட்க வேண்டிய ஒன்றைப் பலர் டிஸ்சார்ஜ் ஆகும் நாள்வரை கேட்பதே இல்லை. ஊருக்குத் திரும்பியபின் என்னை யார் பார்ப்பார்கள்?

இந்த வழிகாட்டி அந்த மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறது. காரணம் எளிது. ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரம். ஆஸ்பத்திரிவாசம் இரண்டு மூன்று நாள். அதற்கப்புறம் உள்ள வைட்டமின், ரத்தப் பரிசோதனை, சர்க்கரை மாத்திரை மாற்றம், திடீர் வயிற்று வலி எல்லாம் நீங்கள் வாழும் ஊரில்தான் நடக்கப்போகிறது. அங்கே ஒரு ஏற்பாடு இல்லையென்றால் நாட்டிலேயே பெரிய சர்ஜன் செய்திருந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

உங்களுக்கு இது பொருந்துமா என்று பார்ப்பது

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 165 செ.மீ. உயரமும் 100 கிலோ எடையும் உள்ளவருக்கு 36.7. அமெரிக்காவின் ஏ.எஸ்.எம்.பி.எஸ்., உலக அளவிலான இஃப்சோ ஆகிய இரண்டு பேரியாட்ரிக் சர்ஜன்கள் அமைப்புகளும் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். 30-க்கு மேல் சர்க்கரை போன்ற வளர்சிதை நோய் இருந்தால் யோசிக்கலாம். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதால், 27.5-லிருந்தே இந்தப் பேச்சை எடுக்கலாம் என்கிறது அது.

மருத்துவக் கணக்கு இப்படி, இன்ஷூரன்ஸ் கணக்கு வேறு. இந்தியாவில் இன்ஷூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விதிப்படி, பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35-க்கு மேல் இருந்து, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை, இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடுவது) போன்ற ஒன்று கூடவே இருக்க வேண்டும். வயது 18-க்கு மேல். பாலிசியின் காத்திருப்புக் காலம் தனி. டாக்டர் 'செய்யலாம்' என்று சொன்னதை இன்ஷூரன்ஸ்காரர் 'தருகிறேன்' என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு பெட்டி கட்டாதீர்கள். முன் அனுமதி கையில் வரட்டும்.

உள்ளூர் ஏற்பாடு: மூன்று இடங்கள்

முதலாவது, உங்களைத் தொடர்ந்து பார்க்க ஒப்புக்கொள்ளும் ஒரு பொது மருத்துவர். எம்.டி. முடித்தவராக இருந்தால் நல்லது, சர்க்கரை நோயாளி என்றால் கட்டாயம். அவருக்கு பேரியாட்ரிக் அனுபவம் இருக்க வேண்டிய அவசியமில்லை. வாசித்துத் தெரிந்துகொள்ளவும், ஆபரேஷன் செய்த சர்ஜனிடம் போனில் பேசவும் தயங்காதவராக இருந்தால் போதும். நேரில் போய்ச் சொல்லுங்கள்: "டாக்டர், நான் இந்த ஆபரேஷனுக்குப் போகிறேன். வந்தபின் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை எடுத்து உங்களிடம் காட்டலாமா? அந்த சர்ஜன் உங்களிடம் பேசுவார்." சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். "செய்தவங்ககிட்டயே போங்க" என்று சொல்கிறவரும் உண்டு. அது இப்போதே தெரிந்துவிட்டால் லாபம்தான், இன்னொருவரைத் தேட நேரம் இருக்கிறது.

இரண்டாவது, வீட்டிலிருந்து எட்டக்கூடிய தூரத்தில், இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கக்கூடிய, வயிற்று ஆபரேஷன் செய்யும் சர்ஜன் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரி. பக்கத்துத் தெரு கிளினிக் இதற்கு உதவாது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வழியில் போவது, எவ்வளவு நேரம் ஆகும் என்பது வீட்டில் இருக்கிற இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது டயட்டீஷியன். இவர் மட்டும் தூரத்தில் இருக்கலாம். வீடியோ காலில் வேலை நடக்கும். ஆனால் நம் சமையலறை தெரிந்தவராக இருக்க வேண்டும். 'கிரேக்க யோகர்ட், டர்க்கி பிரெஸ்ட்' என்று அச்சடித்த தாளை நீட்டுகிறவர் தூத்துக்குடிக்காரருக்கு என்ன செய்வார்?

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சிகிச்சை முறைகளை வகுத்துத் தரும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு பேரியாட்ரிக் குழுவின் கண்காணிப்பு, அப்புறம் ஆயுள் முழுக்க ஆண்டுக்கொரு பரிசோதனை என்று சொல்கிறது. வெளிநாட்டில் தனியாரிடம் செய்துவிட்டு வந்தால் அந்த இரண்டு ஆண்டுக் கண்காணிப்பு தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அவசரம் என்றால் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். பார்க்கும். வழக்கமான தொடர் கவனிப்புக்கு உங்கள் ஜி.பி. (குடும்ப டாக்டர்) என்ன செய்வார், எதைச் செய்ய மாட்டார் என்பதைப் போவதற்கு முன்பே அவரிடம் கேளுங்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் கம்பெனி இன்ஷூரன்ஸில் இதன் சிக்கல்களுக்கு இடமுண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சர்ஜனைத் தேர்ந்தெடுப்பது

நம்மவர்கள் டாக்டரைக் கைராசி பார்த்துத்தான் தேடுகிறோம். அத்தைக்குச் செய்தார், நல்லபடியாக இருக்கிறாள், அவரிடமே போகலாம். தப்பில்லை, தொடக்கத்துக்கு அதுவும் ஒரு துப்பு. ஆனால் கைராசியை எண்ணிக்கையில் கேட்கப் பழக வேண்டும்.

முதலில் பதிவு. இந்தியாவில் டாக்டர் யாராக இருந்தாலும் மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். பதிவு எண்ணையும் கவுன்சில் பெயரையும் கொடுத்தால் தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயரும் படிப்பும் தேடிப் பார்க்கலாம். எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை அடிப்படை. அதன்மேல் எம்.சி.எச். குடல் அறுவை சிகிச்சையோ, லேப்ராஸ்கோப்பி அல்லது பேரியாட்ரிக் ஃபெல்லோஷிப்போ இருக்கலாம். ஃபெல்லோஷிப் என்றால் எங்கே, எத்தனை மாதம் என்று கேளுங்கள். வார இறுதிப் பயிற்சிக்குக் கொடுத்த சான்றிதழும் சுவரில் அழகாகத்தான் தொங்கும். ஓ.எஸ்.எஸ்.ஐ. என்ற இந்திய பேரியாட்ரிக் சர்ஜன்கள் அமைப்பிலோ இஃப்சோவிலோ உறுப்பினர் என்பது ஆர்வத்துக்குச் சான்று, திறமைக்குச் சான்று அல்ல.

அடுத்து எண்ணிக்கை. அமெரிக்காவில் எம்.பி.எஸ்.ஏ.க்யூ.ஐ.பி. என்ற அங்கீகாரத் திட்டத்தில் முழுமையான பேரியாட்ரிக் மையம் என்று பெயர் வாங்க, ஆண்டுக்குக் குறைந்தது 50 ஸ்டேப்ளர் ஆபரேஷன் (இரைப்பையையோ குடலையோ வெட்டி, ஸ்டேப்ளர் கருவியால் பின் அடித்து மூடுவது) செய்திருக்க வேண்டும். அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒன்று செய்கிற இடத்தில் சர்ஜன் மட்டுமல்ல, மயக்க மருந்து டாக்டர், நர்ஸ், வார்டு பையன் எல்லோருமே புதியவர்கள் மாதிரிதான். 140 கிலோ ஆளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்க வைப்பதுகூட ஒரு பழக்கம்.

பிறகு நேரில் அல்லது வீடியோவில் சர்ஜனிடமே கேட்க வேண்டியவை. எனக்கு எந்த ஆபரேஷன், ஏன்? போன ஆண்டு எத்தனை செய்தீர்கள்? அதில் எத்தனை பேருக்கு லீக் (ஸ்டேப்ளர் போட்ட இடத்தில் கசிவு) வந்தது, எத்தனை பேரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது? என் ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா? நீங்கள் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்விட்டால் யார் பார்ப்பார்?

'எங்களிடம் லீக்கே கிடையாது' என்று சொல்கிறவரைவிட, 'இத்தனை பேரில் இரண்டு பேருக்கு வந்தது, இப்படிச் சமாளித்தோம்' என்று சொல்கிறவரை நம்புவேன். இந்த ஆபரேஷன் இன்று பாதுகாப்பானதுதான். 2009-ல் அமெரிக்காவில் 4,776 பேரை வைத்து வெளியான லேப்ஸ் ஆய்வில் முதல் 30 நாள் இறப்பு 0.3 சதவீதம். குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. பூஜ்யம் என்கிறவர் ஒன்று மிகக் குறைவாகச் செய்திருக்கிறார், இல்லை செய்தவர்களைப் பின்தொடரவில்லை.

ஸ்லீவா பைபாஸா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். சுருக்கமாக: ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் சிறு பை ஒன்றை உண்டாக்கிக் குடலோடு இணைப்பார்கள். மினி பைபாஸில் இரண்டு இணைப்புக்குப் பதில் ஒன்றுதான். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் நின்று பார்க்க வேண்டும். உங்களுக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ நெடுநாளாக இருந்து, எண்டோஸ்கோப்பி செய்யாமலே ஒருவர் ஸ்லீவ் என்று முடிவு சொன்னால், அவரிடமிருந்து நகர்ந்துவிடலாம். ஸ்லீவ் நெஞ்செரிச்சலை மோசமாக்கக்கூடும். பலருக்குப் பின்னாளில் அதையே பைபாஸாக மாற்ற வேண்டிவருவது இதனால்தான். வருகிற எல்லோருக்கும் ஒரே ஆபரேஷனைச் சொல்கிற இடத்தில் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, கைக்குப் பழகியதைச் செய்கிறார்கள் என்று பொருள்.

ரயிலை விட்டு இறங்கிய மறுநாள் காலையிலேயே தியேட்டர் என்கிற இடமும் வேண்டாம். ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, இதயப் பரிசோதனை, குறட்டை உள்ளவர்களுக்குத் தூக்கப் பரிசோதனை, மனநல ஆலோசனை இவையெல்லாம் முடிய வேண்டும். கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் குறைந்த மாவுச்சத்து உணவு சொல்வார்கள். சிகரெட்டைச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இவற்றில் பலவற்றை உங்கள் ஊரிலேயே எடுத்து அனுப்பலாம். எவற்றை ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டு எடுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை செலவு.

ஆஸ்பத்திரியை ராத்திரியில் சோதியுங்கள்

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் இறந்துபோனார். நிலைமை மோசமானதும் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. சுகாதாரத் துறை விசாரித்து, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. செய்தி வந்த வாரம் எல்லோரும் பேசினார்கள், அப்புறம் மறந்துவிட்டோம். ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் இருக்க வேண்டிய செய்தி அது. சர்ஜன் பல ஆஸ்பத்திரிகளுக்குப் போய் ஆபரேஷன் செய்வார். கேட்க வேண்டியது, அவர் வீட்டுக்குப் போனபின் அந்தக் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை.

அங்கேயே முழு ஐ.சி.யூ. இருக்கிறதா? இரவில் ஐ.சி.யூ. டாக்டர் இருப்பாரா, போனில் மட்டுமா? சி.டி. ஸ்கேனும் ரத்த வங்கி வசதியும் வளாகத்திலா, வெளியிலா? இரவு இரண்டு மணிக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டால் எத்தனை நிமிடத்தில் தியேட்டர் தயாராகும்? ஆஸ்பத்திரியின் தரத்துக்குத் தரும் என்.ஏ.பி.எச்., ஜே.சி.ஐ. அங்கீகாரம் இருந்தால் நல்லது. இருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும்.

ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. தேதி முடிவு செய்வதற்கு முன் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். "சார், உங்ககிட்ட பேரியாட்ரிக் பண்ணிக்கலாம்னு இருக்கேன். நான் வெளியூர். பண்ணிட்டுப் போனப்புறம் இந்த மாதிரி நேரத்துல வயித்துவலி வந்தா யாரைக் கூப்பிடணும்?" என்று கேளுங்கள். "இதே நம்பர்ல டியூட்டி டாக்டரைக் கேளுங்க, அவர் சர்ஜனோட பேசிட்டு உங்களைக் கூப்பிடுவார்" என்றால் ஏதோ ஒரு முறை இருக்கிறது. "அதெல்லாம் ஒண்ணும் வராது மேடம், காலையில கோஆர்டினேட்டர்கிட்ட பேசுங்க" என்றால் விளங்கிவிட்டது. காலையில் பேசுகிற கோஆர்டினேட்டர் எப்போதும் இனிமையாகத்தான் பேசுவார், அது அவர் வேலை.

ஏஜென்ட், பேக்கேஜ், பில்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏஜென்ட்கள்தான் பெரும்பாலும் அழைத்து வருகிறார்கள். விமான நிலையத்தில் கார், ரூம், சிம் கார்டு எல்லாம் பார்த்துக்கொள்வார்கள், உதவிதான். ஆனால் அவருக்கு ஆஸ்பத்திரியிடமிருந்து கமிஷன் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் காட்டுகிற மூன்று டாக்டர்களும் கமிஷன் கொடுக்கிற மூன்று டாக்டர்கள். சர்ஜனை நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டு, காரையும் ரூமையும் ஏஜென்டிடம் விடுங்கள். ஏஜென்ட் மூலமாக மட்டுமே சர்ஜனோடு பேச முடியும் என்றால் வேண்டாம்.

பேக்கேஜில் என்ன அடங்கும் என்பதை மின்னஞ்சலில் வாங்க வேண்டும். பெரிய செலவு ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ்களில் (ஸ்டேப்ளருக்குள் போடும் பின் தொகுப்புகளில்) இருக்கிறது. எத்தனை கார்ட்ரிட்ஜ் பேக்கேஜுக்குள், கூடுதலாகப் போனால் ஒன்றுக்கு எவ்வளவு? எந்தக் கம்பெனி? பயன்படுத்திய ஒவ்வொன்றின் ஸ்டிக்கரும் கேஸ் ஷீட்டில் ஒட்டப்படுமா, நகல் தருவார்களா? இப்படிக் கேட்டால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கூடவே, லீக் வந்து மறுபடி ஆபரேஷன் செய்தால் யார் செலவு, ஐ.சி.யூ.வில் கூடுதல் நாள் இருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் வேண்டும். பேக்கேஜ் தொகையைவிடக் கணிசமாக அதிகம் புரட்டக்கூடிய நிலை இருந்தால்தான் கிளம்ப வேண்டும் என்பது என் கருத்து. மிகக் குறைந்த விலை சொல்கிற இடத்தில் எதைக் குறைத்தார்கள் என்று கேளுங்கள்.

விசா, தங்கல், திரும்பும் பயணம்

வெளிநாட்டவர் சுற்றுலா விசாவை நம்பி ஆபரேஷனுக்கு வர வேண்டாம். மருத்துவத்துக்கென்று இ-மெடிக்கல் விசா இருக்கிறது. முதல் முறை வந்து இறங்கிய நாளிலிருந்து 60 நாள் செல்லும், மூன்று முறை நுழையலாம், கூட வரும் இருவருக்கு உதவியாளர் விசா உண்டு. ஆஸ்பத்திரியின் கடிதம் தேவை. இந்திய அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதைப் போலவே தோற்றமளித்து இரட்டிப்புப் பணம் பிடுங்கும் தளங்கள் ஏராளம். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) உள்ளவர்களுக்கு விசாவே தேவையில்லை.

டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே கிளம்புவது மலிவு, ஆனால் ஆபத்து. ஸ்டேப்ளர் போட்ட இடத்தில் கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும், சிலருக்கு அதற்குப் பிறகும் வரும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகிற ஆபத்தும் முதல் மாதத்தில்தான் அதிகம், அதிலும் நெடுநேரம் உட்கார்ந்தே பயணம் செய்தால் கூடும். அதனால் ஆஸ்பத்திரிக்கு அருகில் குறைந்தது ஒரு வாரம், நீண்ட விமானப் பயணம் என்றால் இரண்டு வாரம் தங்குகிற மாதிரி திட்டமிடுங்கள். கடைசி வார்த்தை சர்ஜனுடையது. கிளம்புவதற்கு முன் அவர் ஒருமுறை நேரில் பார்த்து, பயணத்துக்குத் தகுதி என்று எழுதித் தர வேண்டும். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குச் சிறு விமானத்தில் வருகிறவருக்கும் லண்டன்காரருக்கும் ஒரே கணக்கு இல்லை. ஆனால் யாழ்ப்பாணம் பக்கம்தானே என்று மூன்றாம் நாள் கிளம்புவதும் சரியில்லை. கடல் நடுவில் இருக்கிறது, ராத்திரியில் டாக்சி பிடித்து வர முடியாது.

தங்கும் அறையில் மிக்ஸியும் அடுப்பும் இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் தெளிந்த ரசம், மோர், இளநீர், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் என்று வாய்க்குள் போவதெல்லாம் திரவம். ஓட்டல் ரசத்தின் காரம் அந்த வயிற்றுக்கு ஆகாது. கூட வருகிறவர் சமைக்கத் தெரிந்தவராக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பயணத்தில் வழி ஓர இருக்கை கேளுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ஒவ்வொரு மிடறாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், டாக்டர் சொன்ன காலுறையைக் கழற்றாதீர்கள். ரத்தம் கட்டாமல் இருக்க இனாக்ஸாபரின் ஊசி சில வாரத்துக்கு எழுதித் தந்திருந்தால், ஊசிகளோடு டாக்டரின் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம். பெருமைக்குத் தூக்கிக் குடலிறக்கம் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒரு பக்கம் தருவார்கள். 'லேப் ஸ்லீவ் செய்யப்பட்டது, நோயாளி நலமுடன் வீடு திரும்பினார்.' இது போதாது. ஆபரேஷன் குறிப்பின் முழு நகலையும் கேட்டு வாங்க வேண்டும். ஸ்லீவ் என்றால் எந்த அளவுக் குழாயை உள்ளே வைத்து வெட்டினார்கள், தையல் வரிசையை வலுப்படுத்தினார்களா, லீக் பரிசோதனை செய்தார்களா என்பது அதில் இருக்கும். பைபாஸ் என்றால் குடலின் எந்தப் பகுதி எத்தனை சென்டிமீட்டர் தாண்டப்பட்டது, குடல் திரையில் உண்டான இடைவெளிகளைத் தைத்து மூடினார்களா என்பது வேண்டும்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பைபாஸ் முடிந்து எடை நன்றாகக் குறைந்தபின், ஒன்றிரண்டு ஆண்டு கழித்துக்கூட, அந்த இடைவெளியில் குடல் நுழைந்து சிக்கிக்கொள்ளலாம். சாப்பிட்டதும் வந்துபோகிற முறுக்கு வலி இருக்கும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். உங்கள் ஊர் சர்ஜனுக்கு அந்தக் காகிதம் இருந்தால் சந்தேகம் சீக்கிரம் வரும். இல்லையென்றால் கேஸ் டிரபிள் என்று மாத்திரை எழுதுவார்.

எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் செய்து, வீட்டில் ஒருவருக்கும் உள்ளூர் டாக்டருக்கும் அனுப்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் மாதம்

இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது:

- ஓய்வாக இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டுவது. காய்ச்சலுக்கும் முந்தி வரும் அடையாளம் இது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் துடிப்பையும் காட்டும்.
- கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, காய்ச்சல், மூச்சு வாங்கல்.
- ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்கால் வலியோ.
- தண்ணீர்கூட நிற்காத வாந்தி, கறுப்பாக மலம் போவது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அங்கிருந்து சர்ஜனைக் கூப்பிடுங்கள். அவர் வாட்ஸ்அப்பில் நீல டிக் அடிக்கக் காத்திருந்து நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

நம் ஊரில் அடிக்கடி நடக்கக்கூடிய இரண்டு தவறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்யப்படுபவை.

ஒன்று, குளுக்கோஸ் பாட்டில். நாலைந்து நாள் வாந்தி, ஆள் துவண்டு கிடக்கிறார். தெருமுனை கிளினிக்கில் முதலில் செய்வது ஒரு பாட்டில் ஏற்றுவது. வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தவருக்கு உடம்பில் தயாமின் என்கிற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அந்த நிலையில் தயாமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் இதன் அடையாளங்கள். தாமதித்தால் நிரந்தரமாகிவிடும். 'முதலில் தயாமின் ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ்' என்று ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்று கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று வலி ஊசி. முதுகு வலி, பல் வலி என்று போனதும் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது நம் வழக்கம். பைபாஸ் செய்தவர்களுக்கு இந்த வகை மருந்துகள், இபுபுரோஃபென் உட்பட, இணைப்பில் புண்ணை உண்டாக்கி ரத்தக் கசிவுவரை கொண்டுபோகும். ஸ்லீவ் செய்தவர்களும் தவிர்ப்பதே நல்லது. பாராசிட்டமால் போதும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் சர்ஜனிடமும் இதய டாக்டரிடமும் கேளுங்கள். அதே அட்டையில், மூக்கு வழியாக இரைப்பைக்குள் கண்ணை மூடிக்கொண்டு ட்யூப் விடக் கூடாது என்பதையும், சர்ஜனின் எண்ணையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

சர்க்கரை மாத்திரை

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே, எடை குறையத் தொடங்கும் முன்பே, சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிடும். பழைய அளவிலேயே இன்சுலினும் கிளைமிபிரைடும் போட்டுக்கொண்டால் லோ சுகரில் மயங்கி விழ நேரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து அவற்றில் உண்டு. செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற எடைக்குறைப்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். வயிறு காலியாவதை அவை தாமதப்படுத்தும். பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் கவனம், குடிக்கும் அளவு குறைந்திருக்கும்போது அது உடலை வற்றவைக்கும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது பழைய மாத்திரைப் பட்டியலைக் காட்டி, எதை நிறுத்துவது, எதைப் பாதியாக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு முதல் வாரத்திலேயே உள்ளூர் டாக்டரைப் பாருங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும்.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில்

மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு, பின் ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின், கல்லீரல், சிறுநீரகம், எச்.பி.ஏ.1.சி. இவை அடிப்படை. பைபாஸ் என்றால் இன்னும் சில சேரும். பட்டியலை சர்ஜனிடம் வாங்கி உள்ளூர் லேபில் விலை கேட்டு வையுங்கள்.

மாத்திரைகள் ஆயுளுக்கும் வேண்டும். மல்டிவைட்டமின், பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம். கால்சியத்தில் சிட்ரேட் வகை இந்த வயிற்றுக்குப் பொருந்தும். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டும், இரும்பு மாத்திரையோடு டீ, காபி கூடாது. சைவ உணவுக்காரர்களும் மெட்ஃபார்மின் எடுத்தவர்களும் பல நேரம் ஏற்கனவே பி12 குறைந்தவர்களாகத்தான் தியேட்டருக்குள் போகிறார்கள், அவர்கள் ஊசியாகவே போட்டுக்கொள்வது மேல். பித்தக்கல் வராமல் இருக்க முதல் ஆறு மாதம் அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை எழுதுவார்கள், எழுதவில்லையென்றால் கேளுங்கள்.

புரதம் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம். நம் சாப்பாட்டில் சிரமப்படுகிற இடம் இதுதான். இட்லியும் சாம்பாரும் மென்மையாக இருக்கும், இறங்கும், ஆனால் அந்தச் சிறிய வயிற்றை மாவு நிரப்பிவிட்டால் முட்டைக்கும் மீனுக்கும் பன்னீருக்கும் இடமிருக்காது. புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், மிச்ச இடத்துக்கு இட்லி. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பைபாஸ் செய்தவர் கல்யாண வீட்டில் பாயசம் குடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று டம்பிங் வந்து பந்தியிலேயே தெரிந்துவிடும். மதுவும் முன்பைவிட வேகமாக ஏறும்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும். எடை வேகமாகக் குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உடலில் சேராமலும் போகலாம். மாத்திரையை மட்டும் நம்பாமல் காப்பர் டி போன்ற வேறு வழியை ஆபரேஷனுக்கு முன்பே பெண் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். கர்ப்பம் உறுதியானால் அதே வாரம் ஆபரேஷன் காகிதத்தோடு அவரைப் பாருங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைக்கும் பரிசோதனை பைபாஸ்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்குப் பதிலாக வீட்டில் சில நாள் விரலில் குத்திப் பார்த்து எழுதிக்கொண்டு போகலாமா என்று கேளுங்கள்.